கிணற்றுப் புழுவுக்கு ஒரு பெயர் வேண்டும்

மழை பிடித்துக்கொண்டால் கிணற்றடியிலும், தொட்டியிலும், சில சமயம் குளியலறை வாளியிலும் ஒரு விசித்திரமான புழு தென்படும். கறுப்பு அல்லது கரும்பழுப்பு நிறம். ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை நீளம். தடிமனோ ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு. தலை எது, வால் எது என்று வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அறுந்த வீணைத் தந்தியைத் தண்ணீரில் போட்டதுபோல் விறைப்பாக நெளியும். தன்னைத் தானே சுற்றி முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

அதைக் கண்டவுடன் நாம் செய்வது என்ன? ஒருவர் பிளீச்சிங் பவுடரை இரண்டு மடங்கு கொட்டுவார். இன்னொருவர் மண்ணெண்ணெயைத் தேடுவார். பெரியவர்கள் "நரம்புச் சிலந்தி வந்துவிட்டது" என்பார்கள். இளைஞர்கள் கைப்பேசியில் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்புவார்கள். ஒரு சிறு புட்டியில் போட்டு, தேதியும் இடமும் எழுதி வைத்து, "இது என்ன?" என்று தக்கவரிடம் கேட்பவர் மட்டும் அபூர்வம். அந்தப் புட்டியைப் பற்றித்தான் நம் சங்க இதழில் நாலு வார்த்தை எழுத விரும்புகிறேன்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். இதற்குக் குதிரைமயிர்ப் புழு என்று பெயர். மனிதரின் உடம்பில் இது வாழாது. நாய், பூனை, கால்நடைகளிலும் வாழாது. தப்பித்தவறி தண்ணீரோடு வயிற்றுக்குள் போனால் வாந்தியிலோ மலத்திலோ வெளியே வந்துவிடும். நோய் எதையும் உண்டாக்காது. நரம்புச் சிலந்தி என்பது வேறு. அது மனிதரின் தோலுக்கடியில் வளர்ந்து காலில் கொப்புளமாக வெளிவரும் புழு. தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் அதனால் துன்பப்பட்டவர்கள் உண்டு. நம்மில் மூத்தவர்கள் அதை மறக்காததில் வியப்பில்லை. ஆனால் இந்தியாவில் கடைசி நரம்புச் சிலந்தி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டை அந்நோய் ஒழிந்த நாடாக அறிவித்துவிட்டது. அது மட்டுமல்ல. வளர்ந்த நரம்புச் சிலந்தி தண்ணீரில் தனியாக நீந்தித் திரிவதே இல்லை. அதன் குஞ்சுகள்தாம் தண்ணீரில் இருக்கும். அவை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஆகவே, கிணற்றில் முழ நீளத்துக்கு நெளிவதைப் பார்த்தால் அது நரம்புச் சிலந்தி அல்ல என்று துணிந்து சொல்லலாம்.

பெயர் தெரியாததால் எத்தனை வீண் கலவரம் பாருங்கள். பெயர் வைப்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இந்தப் புழுவின் வாழ்க்கை ஒரு நாவலுக்குச் சமம். பெண் புழு தண்ணீரில் லட்சக்கணக்கில் முட்டையிடும். அதிலிருந்து வரும் நுண்ணிய குஞ்சு, நீரில் வாழும் பூச்சிக் குஞ்சுகளின் உடலுக்குள் புகுந்து கூடு கட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். அந்தப் பூச்சி சிறகு முளைத்துக் கரைக்கு வந்ததும் அதைக் கும்பிடுபூச்சியோ சில்வண்டோ தின்னும். அப்போதுதான் புழு விழித்துக்கொண்டு புது விருந்தாளியாக வளரத் தொடங்குகிறது. வயிறு முழுக்கச் சுருண்டு வளர்ந்து முடிந்ததும், தண்ணீரையே நாடாத அந்தப் பூச்சியைத் தண்ணீரில் குதிக்க வைத்து, தான் வெளியேறி நீந்திப் போய்விடும். வெளியே வந்த பிறகு அது எதையும் தின்பதில்லை. இணை தேடுவதும் முட்டையிடுவதும்தான் வேலை. கடலில் வாழும் ஒரு பேரினமும் உண்டு. அது நண்டுகளுக்கும் இறால்களுக்கும் உள்ளே வளர்கிறது.

குதிரையின் வால்மயிர் தண்ணீரில் விழுந்து உயிர் பெற்றுப் புழுவாகிறது என்று ஐரோப்பியக் கிராமங்களில் நெடுங்காலம் நம்பினார்கள். அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் லைடி, குதிரைமயிரைத் தண்ணீரில் போட்டு மாதக்கணக்கில் பார்த்திருந்து, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று 1870-ல் எழுதிவைத்தார். அதற்கு முன்பே, 1758-ல், லின்னேயஸ் இதற்கு கோர்டியஸ் என்று பெயரிட்டிருந்தார். அலெக்சாண்டர் வாளால் வெட்டிய அந்தப் புகழ்பெற்ற முடிச்சின் பெயர் அது. முடிச்சுப் போட்டுக்கொள்ளும் புழுவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். ஜப்பானில் தக்குயா சாத்தோ என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு மலை ஓடையை ஆராய்ந்து 2011-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அந்த ஓடையில் வாழும் அருகிவரும் மீனினம் ஓர் ஆண்டில் பெறும் உணவுச் சக்தியில் ஏறத்தாழ 60 சதவீதம், இந்தப் புழு தண்ணீரில் குதிக்கவைத்த பூச்சிகளிடமிருந்து வருகிறதாம்! புழு இல்லையென்றால் மீனுக்குப் பாதிச் சோறு கிடையாது. அதே ஜப்பானியர் 2024-ல் வெளியிட்ட இன்னொரு செய்தி, கட்டுமான வேலையில் காலம் கழித்த என்னைப் போன்றவனைத் திடுக்கிட வைத்தது. புழு பிடித்த கும்பிடுபூச்சிகளை, நீர்ப்பரப்பிலிருந்து ஒருவகையாகத் திரும்பி வரும் ஒளி கவர்கிறது. தார்ச்சாலையும் அதே வகை ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. தண்ணீர் என்று எண்ணி அவை சாலையில் ஏறி, வண்டிச் சக்கரத்தில் நசுங்கிப் போகின்றன. நம் அந்தமான் டிரங்க் சாலையும் காட்டை ஊடறுத்துக்கொண்டு போகும் தார்ச்சாலைதானே? அதில் காலை வேளையில் நடப்பவர்கள் நசுங்கிய கும்பிடுபூச்சியைக் கண்டால் ஒரு கணம் குனிந்து பார்க்கலாம்.

சரி, பெயருக்கு வருவோம். குதிரைமயிர்ப் புழு என்பது குடும்பப் பெயர் மாதிரி. உலகில் 350-க்கும் மேற்பட்ட இனங்களை இதுவரை விவரித்திருக்கிறார்கள். இன்னும் பெயரிடப்படாதவை அதைப்போல் பல மடங்கு இருக்கும் என்பது இத்துறையினரின் மதிப்பீடு. எல்லாம் பார்வைக்கு ஒரே கறுப்புக் கயிறு. காலில்லை, கண்ணில்லை, கொம்பில்லை. பிறகு எப்படிப் பிரிப்பது?

ஆணின் வால் நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறதா, பெண்ணின் வால் மூன்று மடலாக இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி. பேரினத்தை ஓரளவு இதிலேயே சொல்லிவிடலாம். அதற்கு மேல் போகவேண்டுமானால் தோலைத்தான் பார்க்க வேண்டும். இந்தப் புழுக்களில் பலவற்றின் மேல்தோல் முழுவதும் சின்னஞ்சிறு மேடுகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. பணிமனையில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் நான் பயன்படுத்திய மிக மெல்லிய தகடு 0.05 மில்லிமீட்டர், அதில் ஐந்தில் ஒரு பங்கு. சாதாரண நுண்ணோக்கியில் இவை மங்கலான புள்ளிகளாகத் தெரியும். ஒரு மேட்டின் உச்சி தெளிந்தால் அடிவாரம் மங்கும். தோலோ கறுப்பு, ஒளி ஊடுருவாது.

வருடு மின்னணு நுண்ணோக்கி வந்த பிறகுதான் நிலைமை மாறிற்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் கம்பெனி 1965-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. புழுவின் நடு உடம்பிலிருந்து சில மில்லிமீட்டர் தோல் துண்டு ஒன்றை வெட்டி, படிப்படியாகச் செறிவு கூடும் ஆல்கஹாலில் முக்கி நீரை நீக்கி, சுருங்காமல் உலர்த்தி, மிக மெல்லிய தங்கப் பூச்சு பூசி, காற்று நீக்கிய அறையில் வைத்து எலக்ட்ரான் கற்றையால் வருடுவார்கள். திரையில் தெரிவதைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். கார்டோடிஸ் என்ற பேரினத்தின் தோலைச் சொல்கிறேன். சீத்தாப்பழத் தோல்போல் கொத்துக் கொத்தான மேடுகள், அவற்றுக்கு நடுவே முள் முளைத்த மேடுகள், ஆங்காங்கே தலையில் கிரீடம் வைத்ததுபோல் நீண்ட மயிர்க்கொத்து தாங்கிய மேடுகள். எந்த வகை மேடு எத்தனை, எந்த வரிசையில், மயிரின் நீளம் என்ன என்பதை வைத்துத்தான் இனம் பிரிக்கிறார்கள். நம் கைரேகை மாதிரி என்று சொல்ல வந்தேன்; அது சரியல்ல. கைரேகை ஆளுக்கு ஆள் மாறும், இது இனத்துக்கு இனம்தான் மாறும்.

ரயில்வேயில் தண்டவாளம் முறிந்தால் முறிந்த துண்டுகளைத் தூக்கி எறிய மாட்டோம். முறிந்த முகத்தில் துரு ஏறாமல் பாதுகாத்து, கிலோமீட்டர் எண், தேதி, நேரம், கடந்துபோன கடைசி வண்டி எல்லாம் எழுதி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். அந்த முகத்திலுள்ள கோடுகளைப் பார்த்து, இது உள்ளே நெடுநாளாக வளர்ந்த விரிசலா, பற்றவைப்பில் வந்த குறையா என்று சொல்லி, அதற்குரிய குறியீட்டு எண்ணைக் கொடுப்பார்கள். எண் கொடுத்தால்தான் அதே குறை வேறெங்கே வந்திருக்கிறது என்று பழைய பதிவேட்டில் தேட முடியும். புழுவுக்குப் பெயர் வைப்பதும் இதே காரியம்தான். உயிரியலில் நான் பட்டம் பெற்றவனல்லன், டிப்ளமோ படித்த பொறியாளன். ஆனாலும் இந்த ஒரு விஷயம் எனக்கு உடனே புரிந்தது.

நம் நாட்டு நிலவரம் என்ன? நம் பக்கத்து வீடான பர்மாவில் இத்தாலியர் லியோனார்டோ ஃபியா 1880-களில் சேகரித்த புழுக்களை, தூரின் நகரத்துப் பேராசிரியர் லொரென்சோ கமெரானோ ஆராய்ந்து பெயரிட்டார். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருந்த குதிரைமயிர்ப் புழுக்களையும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவரே பார்த்து எழுதினார். மாபெரும் உழைப்பாளி, ஆனால் அவர் கையில் இருந்தது சாதாரண நுண்ணோக்கி. அந்தக் காலத்துப் படங்களையும் விவரங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு இன்று ஒரு புழுவை "இது அதுதான்" என்று அடித்துச் சொல்வது கடினம். பழைய மாதிரியைத் தேடி எடுத்து மின்னணு நுண்ணோக்கியில் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

பிறகு வெகுகாலம் கழித்து, வடகிழக்கிலிருந்து நல்ல செய்தி வந்தது. ஷில்லாங்கிலுள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தின் அருண் யாதவ், ஜெர்மானிய நிபுணர் ஆந்திரியாஸ் ஷ்மிட்-ரேசாவுடன் சேர்ந்து, கும்பிடுபூச்சி ஒன்றிலிருந்து கிடைத்த புழுவைப் பற்றி 2004-ல் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் எழுதினார். அவர்கள் அதற்குத் தந்த பெயரைக் கவனியுங்கள்: "கார்டோடிஸ் ஃபர்னெஸியோடு ஒப்பிடத்தக்கது." அதுவே என்று சொல்லவில்லை, அதைப்போன்றது என்றுதான் சொன்னார்கள். தெரிந்த அளவுக்கு மேல் ஓரங்குலம்கூடப் பேசாத அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. 2011-ல் ஐஸ்வாலைச் சேர்ந்த லால்ராம்லியானா, அதே ஜெர்மானியருடன் சேர்ந்து மிசோரம், மேகாலயப் புழுக்களை ஆராய்ந்து இரண்டு புதிய இனங்களை விவரித்தார். ஐஸ்வால் ஒன்றும் பெருநகரம் அல்ல. நம்மைப்போலவே நாட்டின் மூலையில், மழையும் காடும் சூழ்ந்த ஊர். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

ஓடையும் காடும் கும்பிடுபூச்சியும் சில்வண்டும் இங்கே தாராளமாக உண்டு. கடலால் பிரிந்த தீவுகளில் உயிரினங்கள் தனி வழியில் மாறிப்போவது உலகறிந்த உண்மை. நம் பறவைகளிலும் தவளைகளிலும் பல வேறெங்கும் கிடையாது. புழு மட்டும் விதிவிலக்காக இருக்கவேண்டும் என்று சட்டம் இல்லை.

இதை வெறும் ஆர்வம் என்று தள்ளிவிடாதீர்கள். மனிதருக்கு நோய் தரும் புழு விஷயத்தில் நம் தீவுகளே ஒரு பாடம் கற்பித்திருக்கின்றன. யானைக்கால் நோய்ப் புழுவின் குஞ்சுகள் பெருநிலத்தில் இரவில்தான் இரத்தத்தில் மிகுதியாகத் தென்படும். பரப்புவது சாக்கடைக் கொசு. ஆனால் நிக்கோபாரில் நன்கவுரித் தீவுக்கூட்டத்தில் அதே புழு பகலிலும் இரத்தத்தில் உலவுகிறது. அதைப் பரப்புவது பகலில் கடிக்கும் ஒரு காட்டுக்கொசு. மரப்பொந்தில் தேங்கும் நீரில் பிறப்பது. இந்தியாவில் இந்த வகை அங்கே மட்டும்தான் காணப்படுகிறது. உருவத்தில் வேறுபாடு இல்லை, நடத்தையில் வேறுபாடு. பெருநிலத்துக் கையேட்டை அப்படியே கொண்டுவந்து சாக்கடைக்கு மருந்தடித்தால் அங்கே என்ன பயன்? இங்குள்ளதை இங்கே பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதைப் பேச்சுவாக்கில் சொன்னபோது ஒரு நண்பர், "அப்படியானால் நம் தீவுக்கு ஒரு மின்னணு நுண்ணோக்கி வாங்கித் தரும்படி சங்கம் மனுக் கொடுக்கட்டுமே" என்றார். நான் உடன்படவில்லை. அந்த இயந்திரத்துக்கு ஆடாத மின்சாரம் வேண்டும், குளிரூட்டிய உலர்ந்த அறை வேண்டும், வெற்றிடப் பம்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பழுதானால் பெருநிலத்திலிருந்து மெக்கானிக் வரவேண்டும். நம் உப்புக்காற்றில் இரும்புக் கதவே மூன்று ஆண்டு தாங்குவதில்லை. வாரம் ஒருநாளாவது வேலை கொடுக்க ஆளில்லாத இயந்திரம் கண்காட்சிப் பொருள். அப்படிப் போர்த்தி வைத்த விலையுயர்ந்த கருவிகளை என் பணிக்காலத்தில் வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன். சென்னை ஐ.ஐ.டி.யிலும் ஷில்லாங் பல்கலைக்கழகத்திலும் மத்திய அரசின் பொதுக் கருவிக்கூடங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் வெளியார் மாதிரிகளையும் பார்த்துத் தருவார்கள். இயந்திரம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். தோல் துண்டு நகக்கண் அளவுதான். அது போய் வரும்.

இங்கே இல்லாதது இயந்திரம் அல்ல, பழக்கம். புட்டியில் போடும் பழக்கம். அதை வாங்கிவைத்துக் கவனிக்க ஒருவர். இதற்குப் புதிதாக அலுவலகம் திறக்கவேண்டியதில்லை. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் போர்ட் பிளேரில், ஹட்டோவில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மண்டல மையம் 1977 முதல் இருக்கிறது. ஜவஹர்லால் நேரு அரசுக் கல்லூரியில் விலங்கியல் துறை இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் அங்கே படித்தவர்கள். ஒரு விலங்கியல் மாணவன் தவளையின் படத்தைப் புத்தகத்திலிருந்து பார்த்து வரைவதைவிட, தன் வீட்டுக் கிணற்றுப் புழுவின் வால் நுனியை லென்ஸில் பார்த்து வரைந்தால் பத்து மடங்கு கற்றுக்கொள்வான்.

மின்னணு நுண்ணோக்கியே முடிந்த முடிவு என்றும் நினைக்கவேண்டாம். வட அமெரிக்காவில் ஒரே இனம் என்று நெடுநாள் நம்பியிருந்த கோர்டியஸ் புழுவை மரபணு முறையில் சோதித்துப் பார்த்தபோது குறைந்தது எட்டு இனங்கள் ஒளிந்திருந்தன என்று பென் ஹேனல்ட்டும் கூட்டாளிகளும் 2015-ல் எழுதினார்கள். தோலைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல்தான் இருந்தன. நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று: அந்த ஆய்வுக்கான புழுக்களில் பெரும்பகுதி பொதுமக்கள் அனுப்பியவை. குளத்திலும் குளியலறையிலும் கண்டெடுத்தவற்றைச் சாதாரண மனிதர்கள் சிரமம் பாராமல் அனுப்பியிருக்கிறார்கள். இதே ஹேனல்ட் குழுவினர்தான் கென்யாவில் ஒபாமாவின் தந்தை வளர்ந்த ஊருக்கு அருகே கண்ட புழுவுக்கு 2012-ல் அவர் பெயரையே வைத்தவர்கள். அந்த இனத்தில் ஆணே கிடையாது. பெண் புழுக்கள் மட்டுமே இனம் பெருக்குகின்றன. குடியரசுத் தலைவர் அதைக் கௌரவமாக எடுத்துக்கொண்டாரா என்று கேட்காதீர்கள்.

நம் சங்கத்தின் மூலம் இந்த மழைக்காலத்திலேயே தொடங்கலாம் என்பது என் யோசனை. சங்கக் கட்டடத்தில் ஒரு அலமாரித் தட்டு போதும். அன்பர்கள் தம் வீட்டுக் கிணற்றிலோ தொட்டியிலோ கிடைப்பதைக் கொண்டுவரட்டும். காட்டுக்குள் போய்த் தேட வேண்டாம். அதற்கு வனத்துறை அனுமதி தேவை, பழங்குடியினருக்கான ஒதுக்குப் பகுதிகளில் காலே வைக்கக்கூடாது. வெளிநாட்டு நிபுணருக்கு நாமாகத் தபாலில் அனுப்பவும் கூடாது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே நிற்கும், நிற்பதும் நியாயம்தான். சேர்ந்ததை ஆண்டுக்கு ஒருமுறை ஹட்டோ மையத்திடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வோம். மேற்கொண்டு நடப்பதை அவர்களிடம் விசாரித்து இந்த இதழில் எழுதும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

செய்முறை எளிது. புழுவைக் கையால் எடுத்தாலும் கடிக்காது. குச்சியால் எடுத்தாலும் சரி. சிறிய கண்ணாடிப் புட்டியில் எழுபது சதவீத ஆல்கஹால் ஊற்றி அதில் போடுங்கள். ஃபார்மலின் வேண்டாம், அது மரபணுவைக் கெடுத்துவிடும், ஆல்கஹாலில் வைத்தால் தோல் ஆய்வுக்கும் மரபணு ஆய்வுக்கும் உதவும். புழுவோடு கும்பிடுபூச்சியோ சில்வண்டோ கிடைத்தால் அதையும் அதே புட்டியில் போடுங்கள்; எந்தப் பூச்சியிலிருந்து வந்தது என்பது பாதி விடை. ஒரே நாளில் இரண்டு மூன்று கிடைத்தால் எல்லாவற்றையும் போடுங்கள், ஆணும் பெண்ணும் வேறு வேறாக இருக்கும். ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி, நேரம், ஊர், கிணறா ஓடையா தொட்டியா, அன்று மழை உண்டா என்பதை எழுதிப் புட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். பேனாவால் எழுதினால் மை கரைந்துபோகும், பென்சிலால் எழுதுங்கள்.